அலசாத கடற்பாசி

அந்தப் பாசியை இரண்டு தண்ணீரில் அலசிப் போடச் சொன்னார்கள். நான் அலசவில்லை. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதை எழுத எனக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது. இப்போதும் எழுத உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றுகிறது. எதையும் நாளைக்குத் தள்ளுவது என் சுபாவம். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

எழுபதுகளில் போடிமெட்டைத் தாண்டி இடுக்கிப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் ரைட்டர் வேலை பார்த்தேன். ரைட்டர் என்றாலும் பெரிதாக எழுதுவதற்கு ஒன்றும் கிடையாது. காலையில் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்புக்குக் களத்தில் வரிசையாக நிற்கிற ஆட்களின் பெயரைச் செக்ரோல் நோட்டில் குறிப்பது, யார் எந்தக் காட்டில் களை எடுப்பது, யார் மருந்தடிப்பது என்று பிரித்து விடுவது, பிறகு நாள் முழுக்க அவர்கள் பின்னால் சரிவில் ஏறி இறங்குவது. எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோவிந்தாபுரத்துக்குப் பக்கம். மேகமெல்லாம் எங்கள் தலைக்கு மேலேயே போய் வேறு யார் ஊரிலோ பெய்கிற இடம் அது. நிலக்கடலைக்கு ஒரு மழை கிடைக்காதா என்று அப்பா வருஷா வருஷம் வானத்தை அண்ணாந்து பார்த்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். மலைக்கு வந்த முதல் வருஷம் வேலையை விட்டுவிட்டு மழையை வேடிக்கை பார்த்தேன். மூன்றாம் வருஷம் அதன் சத்தமே பிடிக்காமல் போயிற்று. துணி காயாது. தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்க வேண்டும். அட்டை கடித்த இடம் ஆறுவதற்குள் அடுத்த அட்டை ஏறிவிடும். எப்போதும் சளி, எப்போதும் களைப்பு. முப்பது வயது ஆகவில்லை, அதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறினேன்.

மலையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. எதையும் யாரும் கழுவுவதில்லை. சேறு அப்பிய மண்வெட்டி, மருந்தடித்த பம்பு, சாணிக் கூடை, முதலாளியின் ஜீப், எதுவானாலும் வெளியே போட்டுவிடுவார்கள். மழை வந்து அலசிவிட்டுப் போகும். "மேல இருந்து அம்புட்டுத் தண்ணி சும்மா ஊத்துது, நாம எதுக்குக் கொடம் தூக்கணும்" என்பார்கள். ஒரு குடம் தண்ணீருக்காக அடுத்த தோட்டத்துக் கிணற்றடியில் நின்று பழகிய எனக்கு இதைவிடப் பிடித்த ஏற்பாடு வேறு இருக்க முடியாது. அவர்களைவிட நான்தான் அதிகமாக வெளியே போட்டேன்.

உரத்துக்குப் பெரிய தட்டுப்பாடு வந்த சமயம் அது. யூரியா மூட்டையைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. அதற்கு முன் நாலைந்து வருஷம் மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தோம். கொட்டக் கொட்டச் செடி பச்சையாக நின்றது, மண்தான் வீணாகிக்கொண்டே வந்தது. மேட்டுக்காடு என்று நாங்கள் சொன்ன உச்சிப் பகுதியில் சருகு மக்கிய கறுப்பு மண் கரைந்துபோய், கொத்தினால் கட்டி கட்டியாகச் சிவப்பு மண் வந்தது. அங்கே மண்புழுவைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆளை மறைக்க வேண்டிய ஏலத்தட்டை இடுப்போடு நின்றுவிட்டது. வெயில் வந்தால் முதலில் வாடுவதும் அந்தக் காடுதான்.

முதலாளி போடியில் இருந்தார். சனிக்கிழமை தோறும் மேலே வருவார். அவருக்குப் பெண் கொடுத்த வீடு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம். அங்கே தென்னந்தோப்பில் கரை ஒதுங்கும் கடற்பாசியை மரத்தடியில் புதைப்பதைப் பார்த்திருக்கிறார். உப்பு மணலிலேயே தென்னை அப்படிக் காய்க்கிறதென்றால் நம் மேட்டுக்காட்டுக்கு என்ன குறை என்று, காய்ந்த பாசி ஒரு லாரி லோடு பேசி முடித்துவிட்டார். முதலாளிகள் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் எங்களுக்கு ஏதாவது ஒரு வேலை கூடும்.

அந்தத் தோட்டத்தில் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டவள் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து தினமும் ஜீப்பில் ஏறி வருகிற கூலியாட்களில் ஒருத்தி. அந்த ஜீப்பில் இருபது பேரை அடைப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அது திரும்பத் திரும்ப அவளுக்குக் குடலைப் புரட்டும். ஒரு நாள் தவறாமல் மெட்டுக்கு வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுப்பாள். தோட்டத்தில் இறங்கியதும் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வேலைக்குப் போவாள். காலையில் எதுவும் சாப்பிடாமலே வருவாள், சாப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. மாலையில் இறங்கும்போது மறுபடியும் அதே கதை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெயரை ஸ்திரம் ஆக்க வேண்டும். மலையாளத்தில் நிரந்தரத் தொழிலாளியை அப்படித்தான் சொல்வார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். ஸ்திரம் ஆனால் தோட்டத்துக் குடியிருப்பில், லயத்தில், ஓர் அறை கிடைக்கும். புருஷனையும் கூட்டிவந்து தங்கிவிடலாம். ஜீப் ஏற வேண்டாம்.

அந்த வருஷம் ஒரே ஒரு பெயர்தான் சேர்ப்பதாக இருந்தது. "நர்சரி நாத்து பூராவும் பொழைச்சு நடவுக்கு வரட்டும், பேரை எழுதிர்றேன்" என்று முதலாளி என் முன்னால்தான் அவளிடம் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பாத்திகளை அவள் கவனித்த மாதிரி நான் என் உடம்பைக்கூடக் கவனித்ததில்லை. ஒவ்வொரு நாற்றும் முழங்கால் உயரம் வந்திருந்தது. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்ததும் எடுத்து நட வேண்டியதுதான் பாக்கி.

சித்திரை கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. மெட்டில் செக்போஸ்ட்காரர் குச்சியால் குத்திப் பார்த்து, மோந்து பார்த்து, "இதெந்தா சாதனம், மீனோ?" என்று கேட்டாராம். உரம் என்றால் நம்பவில்லையாம். ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, நாற்றம் தாங்காமல் அவரே போகச் சொல்லிவிட்டாராம். டிரைவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இறக்கிப் போட்டபோது தோட்டமே கூடிவிட்டது. பழுப்பும் கறுப்புமாக, சுருண்டு விறைத்து, மேலே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, நடுநடுவே சிப்பியும் நண்டுக் காலுமாகக் கிடந்தது. கடலையே பார்க்காத பெண்கள் சோழி பொறுக்கினார்கள். "முதலாளி கருவாட்டத் தின்னுபுட்டு செதிள மட்டும் நமக்கு அனுப்பிட்டாருடி" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

புறப்படும்போது டிரைவர் என்னிடம், "ரெண்டு தண்ணியில நல்லா அலசி, காயவச்சு, அப்புறந்தேன் செடிக்குப் போடணுமாம். முதலாளி கண்டிசனாச் சொல்லச் சொன்னாரு" என்றார். நான் தலையாட்டினேன்.

லாரிப் பாதை முடிகிற இடம் நாற்றங்காலுக்கு நேர் மேலே. அதற்குக் கீழே வண்டி இறங்காது. பாசி அங்கேயே கும்பியாகக் கிடந்தது. ஓடைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கட்டுக் கட்டாகத் தலைச்சுமையில் இறக்கி, அலசி, மறுபடி மேலே ஏற்ற வேண்டும். நினைத்தாலே எனக்கு மூச்சு வாங்கியது.

அன்று சாயங்காலமே அவள் வந்தாள். "ரைட்டரய்யா, அலசித்தேன் போடணும்னு டிரைவரு சொன்னாராமே. நாலு பொம்பளையாளு குடுங்க. ரெண்டு நாள்ல ஓடையில போட்டு அலசிருவோம்."

"களையெடுக்கறதுக்கே ஆளக் காணோம் அம்மணி. நாலு மழை பேஞ்சா அதே அலசிக்கும், உடு" என்றேன்.

"நேரா கீழ நர்சரி இருக்குங்கய்யா."

"இருந்தா இருக்குது. மழைத் தண்ணி பட்டு நாத்துச் சாகுமா?"

அவள் ஜீப் ஏறப் போய்விட்டாள். நான் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கு அப்போது நிஜமாகவே தோன்றவில்லை. இரண்டு தண்ணீர் என்ன, இந்த ஊரில் இருநூறு தண்ணீர் ஊற்றுமே என்றுதான் இருந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் ஜீப் பழுதாகி, அடிவாரத்து ஆட்கள் வரவில்லை. வியாழக்கிழமை மதியம் கோடை மழை வந்தது. நன்றாக இருட்டிக்கொண்டு வந்து அரை மணி நேரம் அடித்துவிட்டு, போன இடம் தெரியாமல் போய்விட்டது. அது நாலு மாதம் விடாமல் பெய்கிற மழை இல்லை. உப்பைக் கரைக்கிற அளவுக்குப் பெய்தது. கரைந்த உப்பை அடித்துக்கொண்டு போகிற அளவுக்குப் பெய்யவில்லை. கும்பியிலிருந்து வழிந்த தண்ணீர் முழுக்க நேரே பாத்திகளுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. மறுநாளிலிருந்து நல்ல வெயில். இதையெல்லாம் இன்று எவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்று நான் அறைக்குள் சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை முதலாளி வந்தார். நாற்றங்காலுக்கு இறங்கவில்லை. ஜீப்பில் உட்கார்ந்தபடியே, "பாசிய அலசியாச்சா?" என்றார்.

"ஆச்சுங்க" என்றேன்.

மழையில் நனைந்தாயிற்று அல்லவா, அதைத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். அவரும் திருப்தியாகப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை நாற்றுகளின் நுனி கருகியிருந்தது. கிட்டத்தட்ட எல்லாப் பாத்தியிலும். பெரட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் அவள் ஓடிவந்தாள். கையில் ஓர் இலை. "ரைட்டரய்யா, எலை ஓரத்துல நாக்க வச்சுப் பாத்தேன், கரிக்குது. மண்ணும் கரிக்குது."

"வெய்யக் காலத்துல அப்படித்தான் இருக்கும். போய்த் தண்ணி உடு" என்று எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் ஜீப் புறப்பட்டுப் போன பிறகு நான் தனியாக இறங்கிப் போய், பாத்தி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். கரித்தது. வாய் கொப்பளித்தும் போகவில்லை. பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்றுகூட அவ்வளவு பயம் இல்லை. 'ஆச்சுங்க' என்று சொன்ன வாயால் 'ஆகலீங்க' என்று சொல்ல வேண்டுமே, அந்தக் கூச்சம்தான் பெரிதாக இருந்தது. மறுநாள் விடிந்ததும் ஆட்கள் வருவதற்கு முன் நானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், கும்பியைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வேறு பக்கம் ஏலம் இல்லாத புதர்க்காட்டுக்குள் இறங்கும்படி திருப்பிவிட்டேன். அந்தத் தோட்டத்தில் நான் சுறுசுறுப்பாக வேலை செய்த காலை அது ஒன்றுதான்.

அந்த வாரம் முழுக்கப் பெரட்டில் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முறைக்கிறாள், மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம்கூட வந்தது. அவள் பெயரைக் கூப்பிடும்போது தலை நிமிராமல் குறித்தேன். குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். முக்கால்வாசி நாற்று போய்விட்டது.

சனிக்கிழமை முதலாளி நாற்றங்காலுக்கு இறங்கினார். நாற்றுக்கு நிழலுக்காகப் போட்ட பந்தலுக்குக் கீழே நின்று நீள நெடுகப் பார்த்தார். அவர் முகம் போன போக்கு சரியில்லை. "என்னப்பா இது?" என்று என்னைக் கேட்டார்.

"வெய்யல் ஜாஸ்திங்க. நடுவுல ரெண்டு நாள் ஜீப் வேற வருலீங்க, தண்ணி உடறது தவறிப்போச்சுங்க" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. வெயில் அடித்தது உண்மை, ஜீப் வராதது உண்மை, அந்த இரண்டு நாள் யாரும் தண்ணீர் விடாததும் உண்மை. அதில் ஒரு நாள் மழையே பெய்தது என்பதைச் சொல்லாமல் விட்டேன். பாசி அலசியாயிற்று என்று ஏற்கெனவே சொல்லிவிட்டதால் அவருக்குச் சந்தேகம் அந்தப் பக்கம் போகவே இல்லை. அவளிடம் திரும்பினார்.

"லயத்து ஆளுக யார்ட்டயாச்சும் தண்ணி விடச் சொல்லி வச்சியா?"

"இல்லீங்கய்யா" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் பந்தல் காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது உறுதியாக இருக்கிறதா என்று.

அந்த வருஷம் ஸ்திரமானது களையெடுப்புக் கூட்டத்தில் இருந்த வேறொருத்தி. அந்தப் பெயரைப் பதிவேட்டில் எழுதியது நான்தான், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். நாற்றங்காலுக்கு வேறு ஆள் போட்டார்கள். அவள் காய் எடுப்புக்குப் போனாள், அதே ஜீப்பில்.

பிறகு இடவப்பாதி வந்தது. ஆடி முழுக்க அந்தக் கும்பி நனைந்துகொண்டே கிடந்தது. உப்பெல்லாம் அந்தப் புதர்க்காட்டுக்குள் இறங்கி எங்கோ போயிற்று. வழுவழுவென்று கறுத்து, நாற்றமும் மாறி, மக்கின இலை மாதிரி ஆகிவிட்டது. ஓர் ஓரத்தில் நாக்கை வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. சாணியும் சருகும் கலந்து, மழை குறைந்ததும் மேட்டுக்காட்டில் ஒவ்வொரு தூருக்கும் ஒரு கூடை போட்டோம். எனக்கு நம்பிக்கையே இல்லை. எப்படியாவது அந்தக் கும்பி என் கண்ணிலிருந்து மறைந்தால் போதும் என்றிருந்தது.

அடுத்த கோடையில்தான் தெரிந்தது. சுற்றியிருந்த காடெல்லாம் தொங்கிப்போனபோது மேட்டுக்காடு நிமிர்ந்து நின்றது. மூடியிருந்த பாசியை விலக்கினால் கீழே மண் ஈரமாக, பொலபொலவென்று உதிர்ந்தது. தூரில் புதுத் தட்டை ஏழெட்டு வெடித்திருந்தது. காய்ப்பருவத்தில் காய் பிடித்த சரம் தரையில் நீளமாக ஓடியது. முதலாளி பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார். என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார். வந்தவர்களிடம் நான்தான் விளக்கிச் சொல்ல வேண்டும். "பாசிய அப்படியே போட்டரக் கூடாதுங்க. உப்புப் போற வரைக்கும் அலசோணுங்க. அதுதான் முக்கியமுங்க" என்று சொல்வேன். அனுபவஸ்தன் பேசுகிறான் என்று கேட்டுக்கொள்வார்கள்.

ஒரு நாள் அப்படி விளக்கிவிட்டு, எல்லோரும் கீழே போன பிறகு திரும்பினால், இரண்டு தூர் தள்ளி அவள் குந்தியிருந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். போய்விடலாமா என்று பார்த்தேன். அவளாகவே தூர் மண்ணைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். "புழு ஓடுது பாருங்கய்யா. மண்ணு நல்லாத்தேன் ஆயிருச்சு."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அன்னைக்கு எலை கரிக்குதுன்னு நீ சொன்னது நெசந்தான்" என்றேன்.

"தெரியுங்கய்யா. மறுநா வெள்ளனயே கும்பியச் சுத்தி வாய்க்கா வெட்டியிருந்துச்சே. உங்களத் தவிர இங்க யாரு அம்புட்டுக் கோணலா வெட்டுவாக?"

அவள் சிரித்த மாதிரிதான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனோ அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது. "அப்பவே மொதலாளிகிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ?" என்று கேட்டேன்.

காய் எடுக்கிற கை நிற்கவில்லை. "நாஞ் சொன்னா கூலிக்காரி ரைட்டர் மேல பழி போடுறான்னு ஆயிரும். நீங்க சொன்னா ஒரு திட்டு விழுகும், அம்புட்டுத்தேன. நீங்களாச் சொல்லிருவீகன்னுதேன் அந்த வாரம் பூராவும் பெரட்டுல உங்க மொகத்தப் பாத்துக்கிட்டே நின்னேன்."

அடுத்த சனிக்கிழமை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அலசாததை, பொய் சொன்னதை, பழியை அவள் தலையில் கட்டியதை. கேட்டுவிட்டு அவர் என் தோளில் தட்டிச் சிரித்தார். "அட விடுப்பா. அதான் செடி ஜம்முனு வந்திருச்சுல்ல." அவள் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். இனிமேல் ஸ்திரத்துக்கு ஆளே எடுப்பதில்லை என்று முடிவாகிவிட்டது, லயத்திலும் அறை இல்லை என்றார். அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு மேல் எந்தத் திட்டுக்குப் பயந்தேனோ, அந்தத் திட்டுகூட விழவில்லை.

திங்கட்கிழமை காலை ஜீப் வந்து நின்றது. அவள் இறங்கி ஓரமாகப் போய்க் குனிந்து உட்கார்ந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வரிசைக்கு வரும் வரை நான் செக்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நான் அந்தத் தோட்டத்தை விட்டு வரும் வரை அவள் அந்த ஜீப்பில்தான் வந்தாள்.